மூச்சு விட்ட பிணம்

“‘செத்தவன் மூச்சு விடுறான்டோய்!’ எண்டு எழுதியிரிக்கான் மாமா. அதுக்குக் கீழ நானூறு பேர் சிரிச்சிரிக்காங்க.”

ஜெயரூபன் கைபேசியை நீட்டினான். நல்லரத்தினம் வாங்கவில்லை. வாவிக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த தோணியின் மேல் உட்கார்ந்தபடி, “கண்ணாடி வீட்ட கிடக்கு. நீயே வாசி,” என்றார்.

ஜெயரூபனுக்குப் பிழைப்பு கைபேசி திருத்தும் கடை. மீதி நேரமெல்லாம் சினிமா. இரண்டு வருடம் நாயாய் அலைந்து ஐம்பது நிமிடத் திகில் படம் ஒன்றை எடுத்து முடித்திருந்தான். நத்தார் இரவில் கரோல் பாட வரும் கூட்டத்தில் சிவப்பு அங்கியும் வெள்ளைத் தாடியுமாய் நத்தார் பாப்பா வேடம் போட்ட ஒருவன் வீடு வீடாய்ப் புகுந்து வெட்டித் தள்ளுவான். அதுதான் கதை. நத்தாருக்கு முதல் நாள் யூடியூபில் விட்டான். சனம் பயந்து நடுங்கும் என்று நினைத்தான். சனம் வயிறு குலுங்கச் சிரித்தது.

எல்லாம் ஒரே ஒரு நிமிடத்தால் வந்த வினை. படத்தில் முதலாவதாக வெட்டுப்பட்டுச் சாகிறவன் நல்லரத்தினத்தின் மகன் கிதுஷன். பிணம் தரையில் கிடக்கிறது, வெளியே கரோல் பாட்டுக் கேட்கிறது, பிணத்தின் நெஞ்சோ பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல ஏறி இறங்குகிறது. சாப்பாட்டுக்கு முதல் எடுக்க வேண்டிய காட்சி அது. எல்லோரும் இறால் கறியும் சோறும் மூக்குமுட்டச் சாப்பிட்ட பிறகு எடுத்தான். இருந்தது ஒரேயொரு சட்டை. அதிலும் இரத்தத்துக்கென்று ஊற்றிய சிவப்புச் சீனிப்பாகு, பிழையைக் கவனிப்பதற்குள் காய்ந்து கறுத்துவிட்டது. திரும்ப எடுக்க வழியில்லை. பிழை தன்னுடையதுதான் என்று ஜெயரூபனுக்கு நன்றாகத் தெரியும்.

“மற்றதையும் வாசி மனே.”

“‘நத்தார் பாப்பாவைப் பார்த்தாப் பயமில்ல, இந்தப் பிணத்தைப் பார்த்தாத்தான் பயம்.’ இது கனடாவில ஒருத்தி. ‘பொடியனுக்கு இன்னொரு வெட்டுப் போடுங்க, உசிர் கிடக்கு.’ இது வாழைச்சேனை ஆள். இன்னொருத்தன் எண்ணியே பார்த்திரிக்கான். மொத்தம் பதினொரு மூச்சாம்.”

“பதினொண்டில்ல, பதினாலு,” என்றார் நல்லரத்தினம். “கடைசி மூணும் மெல்லிசா வரும். வடிவாப் பார்த்தாத்தான் தெரியும்.”

ஜெயரூபனுக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. இந்த மனிதரும் உட்கார்ந்து எண்ணியிருக்கிறாரே! மூன்று நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் நெஞ்சை ஏற்றி இறக்கிக் காட்டிவிட்டுத்தான் கைபேசிக்கு ரீலோட் போடச் சொல்கிறார்கள். பயமாக இருந்தது என்று பேருக்குக்கூட ஒருவரும் எழுதவில்லை. இனிக் கமராவைத் தொடவே கூடாது என்ற அளவுக்கு மனம் விட்டுப்போயிருந்தது.

“மாமா, கொழும்பில ஒரு டிவிக்காரர் கதைச்சவங்க. புதுவருசத்துக்குப் போடுவாங்களாம். ஆனா அந்த ஒரு நிமிசத்தை வெட்டினாத்தான் எடுப்பாங்களாம். யூடியூப்பிலயும் வெட்டிருவன். எனக்கு வேற வழி இல்ல மாமா.”

“வெட்டப்படா.”

“நான் இந்தப் படத்தை விடுறல்ல எண்டுதான் இருந்தன். நீங்கதான் விடச் சொன்னீங்க.”

“ஓம், சொன்னன். அவன் வாற இடத்தில கை வைக்கப்படா எண்டும் சொன்னன். நீயும் தலையாட்டினாய்.”

ஆட்டியதுதான். அந்த வாக்குத்தான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது.

“இப்பிடிச் சிரிப்பாங்க எண்டு அப்ப தெரியாதே. கண்டவன் நிண்டவன் எல்லாம் கிதுஷனைப் பகிடி பண்றான். எனக்கு நெஞ்சு வெடிக்குது. உங்களுக்கு ஒண்டும் செய்யல்லயா?”

“பண்ணட்டும்.”

“அந்த நிமிசத்தைத் தனியா உங்கட ஃபோனில போட்டுத் தாறன். எத்தின தரம் எண்டாலும் பாருங்க.”

“நான் பார்த்து என்னத்துக்கு? மற்றச் சனம் பார்க்கணும்.”

ஜெயரூபனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மகனைத் திரையில் பார்க்கிற ஆசை பெற்றவருக்கு இருக்கத்தான் செய்யும். அதற்காக இன்னொருத்தனின் வாழ்க்கையிலா மண்ணைப் போடுவது? அவன் குரல் தானாக உயர்ந்தது.

“அது பிழை மாமா! பச்சைப் பிழை! செத்தவன் மூச்சு விடப்படா!”

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டான். நல்லரத்தினம் கோபப்படவில்லை. கையை நீட்டிக் கைபேசியை வாங்கினார். எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்பதுபோல, வரிசையாக இருந்த கருத்துகளைப் பெருவிரலால் மெல்லத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“எத்தின பேர் எழுதியிரிக்காங்க?”

“ஆயிரத்துக்கு மேல.”

“ஆயிரம் பேர், அவன் மூச்சு விடுறான் எண்டு சொல்றாங்க,” என்றார். “போன மாசம் டெங்கு வாட்டில, வெள்ளைத் துணிய இழுத்து அவன்ட முகத்தை மூடக்குள்ள, நானும் இதைத்தான் மனே கத்திக் கத்திச் சொன்னன்... ஒருத்தரும் நம்பல்லயே.”