வரிசையில் இல்லாத கட்டில்

“என் பேரு ஏன் மேடம் லிஸ்ட்ல இல்ல?”

பன்னிரண்டாம் கட்டில்காரர்தான் கேட்டார். இடுப்பெலும்பு முறிந்து நாற்பத்து மூன்று நாளாக மல்லாந்து கிடக்கிற மனிதர். உடம்புதான் அசையாது. வாய் நன்றாகவே அசையும்.

புள்ளிவிவரப் பிரிவு மேடம் கையில் லேப்டாப்போடு நின்றபடியே கட்டில் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தன்னார்வலர்கள் வரப்போகிறார்கள். பார்க்க ஆள் வராத நோயாளிகளோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவார்கள். வருவதோ ஐந்தே பேர். எந்த ஐந்து கட்டிலுக்கு என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்கு மேடம் சொல்ல வேண்டும்.

“லிஸ்ட்டை நான் போடல சார். எஸ்க்யூஎல் போடுது.”

“அது யாருங்க மேடம், புது டாக்டரா?” என்றாள் நர்ஸ். அன்று காலையில்தான் இந்த வார்டுக்கு மாற்றலாகி வந்தவள்.

கட்டில்காரர் வலியையும் மறந்து சிரித்துவிட்டார். “டாக்டருக்கும் மேல சிஸ்டர். அது சொல்லிட்டா அப்பீலே கிடையாது.”

மேடம் நர்ஸின் பக்கம் திரும்பினார். “கம்ப்யூட்டர்கிட்ட கணக்கு கேக்கற பாஷை சிஸ்டர் அது. பார்க்க வர்றவங்களை கேட்ல பதியறாங்கல்ல, ஆளுக்கு ஒரு வரி. அதைக் கட்டில்வாரியாப் பிரிச்சு, ஏழு நாள் அகலத்துக்கு ஒரு ஜன்னல் வெச்சுப் பார்ப்பேன். நாளைக்கு அந்த ஜன்னல் ஒரு நாள் நகரும். பழைய நாள் ஒண்ணு வெளிய போகும், புது நாள் ஒண்ணு உள்ள வரும். ஜன்னல்ல எத்தனை பேர் தெரியறாங்களோ, அதை வெச்சு ரேங்க். ஆள் கம்மின்னா முதல் ரேங்க்.”

“எனக்கும் இங்க ஒரு ஜன்னல் இருக்கு மேடம்,” என்றார் கட்டில்காரர். “நாலு மணி ஆச்சுன்னா எல்லார் வீட்டு ஆளும் அதுல தெரியும். என் வீட்டு ஆள் மட்டும் தெரியாது.”

மேடம் திரையில் அடுத்த கட்டிலின் எண்ணைச் சரிபார்த்தார்.

“ஒன்பதாம் கட்டிலுக்கு முதல் ரேங்க் குடுத்திருக்கீங்களாம். ஞாயித்துக்கிழமை அவரோட மச்சான் வந்து அரை மணி நேரம் குறட்டை விட்டுட்டுப் போனான். எனக்குக் குறட்டை விடக்கூட ஒரு நாதி இல்ல.”

நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை. “ஏன் சார், உங்களுக்குன்னு யாருமே இல்லையா?”

“இருக்காளே, வீட்டுக்காரி. தங்கமானவ. வேலைன்னு வந்துட்டா மட்டும் உலகமே மறந்து போயிடும்.”

“ஒரு நாள்கூட வந்து உக்காரலையா?”

“அவளைக் கேட்டுப் பாருங்க, தினம் வரேன்னு சொல்லுவா.”

“அடப்பாவமே! பொய் வேறயா?”

“பொய் இல்ல சிஸ்டர். அவ நிஜமாவே அப்படித்தான் நெனச்சிட்டிருக்கா.”

“நல்ல பொம்பளை போங்க! புருஷன் இப்படிக் கிடக்கறப்போ அப்படி என்ன பெரிய வேலை? நீங்களே சொல்லுங்க மேடம், இது நியாயமா?”

மேடம் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். தனக்குத்தானே பேசுவதுபோல மெல்லச் சொன்னார்.

“தப்பு என்னோடதுதான் சார். கேட்ல விழுந்த வரியை மட்டும்தான் எடுத்து எண்ணியிருக்கேன். ஒருத்தர் வந்திருந்தாக்கூட அந்தக் கட்டில் கணக்குல வந்துடும். யாருமே வராத கட்டிலுக்கு வரியே கிடையாது. வரியே இல்லாததை எப்படி வரிசைப்படுத்தும்? விட்டுட்டுப் போயிடுச்சு.”

“பார்த்தீங்களா சிஸ்டர்! யாரும் வராதவனைக் கம்ப்யூட்டரும் பார்க்க வரல.”

மேடம் மறுபடி எழுதினார். இந்த முறை வார்டின் எல்லாக் கட்டில்களையும் முதலில் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு கட்டிலுக்கும் எதிரே எல்லா நாட்களையும் நிறுத்தினார். ஆள் வராத நாளில் பூஜ்யம் போடச் சொன்னார். அதற்கப்புறம்தான் அந்த ஏழு நாள் ஜன்னலை நகர்த்திப் பார்த்தார்.

பன்னிரண்டாம் கட்டிலுக்கு நேரே பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று திரை கீழே இறங்கிக்கொண்டே போனது. நாற்பத்து மூன்று.

“முதல் ரேங்க் சார்,” என்றார். “ஒன்பதாம் கட்டில் ரெண்டாவதாப் போயிடுச்சு.”

“பள்ளிக்கூடத்துல கூட நான் வாங்கினதில்ல!” என்று சிரித்தார் அவர். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “ஏன் மேடம், அந்த வர்ற ஆளு... பக்கத்துல உக்காருவாங்கதானே? நின்ன காலோட கேட்டுட்டுப் போயிட மாட்டாங்களே?”

மேடம் லேப்டாப்பை மூடினார். “உக்காருவாங்க சார்,” என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

“பாவம், மேடத்துக்கே கண்ணு கலங்கிடுச்சு,” என்றாள் நர்ஸ்.

நாலு மணிக்கு கேட்டில் நீண்ட வரிசை. பழப்பையும் ஃபிளாஸ்க்குமாக நின்ற கூட்டத்தின் நடுவே மேடத்தைப் பார்த்த காவலாளி பதறிப்போனார்.

“நீங்க ஏன் மேடம் இங்க நிக்கறீங்க? ஸ்டாஃப் வழியாப் போங்க, உங்களுக்கு யாரு பதியச் சொன்னது?”

“வேலை நேரம் முடிஞ்சுடுச்சுண்ணே. பதிஞ்சுக்குங்க. எலும்பு வார்டு, கட்டில் பன்னிரண்டு.”

காவலாளி கம்ப்யூட்டரில் தட்டினார். “நோயாளிக்கு என்ன உறவுன்னு போடணுமே மேடம்?”

வேலை செய்கிற இடத்தில் தன்னை ‘மேடம்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நாற்பத்து மூன்று நாளுக்கு முன்னால் பன்னிரண்டாம் கட்டில்காரருக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்தவர், இப்போது சொன்னார்:

“வீட்டுக்காரி.”