தம்பிக்கு எழுதிய குறிப்பு

குளிரூட்டிய அறையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் அருகருகே இருந்தன. ஊருக்கெல்லாம் பஸ் டிக்கெட் போடுவது பெரியது. அது எழுதுகிற கணக்கையெல்லாம் உடனுக்குடன் பிரதி எடுத்துக்கொண்டு, என்றைக்காவது அது படுத்துவிட்டால் எழுந்து வேலை பார்ப்பதற்காகக் காத்திருந்தது சின்னது.

தான் படுத்துவிட்டால் தம்பி எப்படிப் பொறுப்பேற்க வேண்டும் என்று பெரியது ஒரு குறிப்பு எழுதியது. தலைப்பு, படம், பொருளடக்கம் எல்லாம் போட்டு அழகாக அடுக்கியது.

"அண்ணே, அதையும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்களேன்" என்றது சின்னது.

"கணக்கு வருதுல்ல, அது போதும். இதுல இன்னும் எழுத்துப்பிழை பார்க்கணும். உன்கிட்ட வந்தா கலைச்சுப் போட்டுடுவே. என்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்."

சின்னதுக்கு மனசே கேட்கவில்லை. ஆனாலும் அண்ணன் பேச்சைத் தட்டவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம் கவுண்டரில் முண்டியடித்த நேரத்தில், பெரியது பொசுக்கென்று அணைந்துபோனது. கணக்கு ஒன்றுவிடாமல் சின்னதிடம் இருந்தது. டிக்கெட் போட எப்படித் தொடங்குவது என்றுதான் அதற்குத் தெரியவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

ஆள் வந்து பழுது பார்த்ததும் பெரியது கண்ணைத் திறந்தது. வெறுமனே நின்ற தம்பியைப் பார்த்ததும் அதற்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"முதல் பக்கத்துலயே தெளிவா எழுதி வச்சிருந்தேனேடா! படிக்கலையா நீ?"