இன்னும் பதினொரு மாப்பிள்ளை

ஐம்பதாவது அட்டையில் மாப்பிள்ளையின் கால் பிய்ந்து போனது.

நிரோஜினி அச்சைத் தூக்கிப் பார்த்தாள். மெல்லிசாக வெட்டியிருந்த இரண்டு கால்களில் ஒன்று கழன்று, மையோடு அட்டையிலேயே ஒட்டிக் கிடந்தது. படத்தில் அவனுக்குப் பக்கத்தில் கலியாணப் பொம்பிளை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் மாலை வெயிலில் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தாள்.

பழுதான அட்டையைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள். வாசலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கிறகோரி அதைப் பார்க்கக்கூடாது.

அவன் பார்க்கவில்லை. மூன்று கிழமையாக அவளோடு சரியாகக் கதைப்பதும் இல்லை. தேத்தண்ணியோடு கொடுக்கிற பனங்கட்டியைத் தொடாமல் அப்படியே திருப்பித் தந்துவிடுகிறான். கட்டிய மனுசனுக்கு என்ன கோபமோ, கேட்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அறுபது அட்டை. நாளைக்குப் பாசையூர்க் கோயிலில் லவீனாவுக்குக் கலியாணம். வருகிறவர்களுக்கு நன்றி சொல்லிக் கொடுக்கிற அட்டைகள். இரண்டு மணிக்கு வாங்க வருவாள். மணிக்கூடு பன்னிரண்டரை காட்டியது.

மூன்று நாளாக வானம் தேய்த்தே தோள்மூட்டு விட்டுப்போயிற்று. ஸ்பொன்ஜில் மை தொட்டு, வட்டம் வட்டமாக, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். கீழே மஞ்சள், அதற்கு மேலே செம்மஞ்சள், உச்சியில் ஊதா. ஒரு நிறம் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று தெரியக்கூடாது. தெரிந்தால் அது வானம் இல்லை, பெயின்ட் அடித்த மதில்.

வானம் எல்லாம், பழுதுக்கென்று கூடுதலாகத் தேய்த்த ஒன்றும் சேர்ந்து, காய்ந்து பாயில் பரவிக் கிடந்தது. பொம்பிளைகளும் இறங்கியாயிற்று. இன்னும் பதினொரு மாப்பிள்ளைதான் வேண்டும்.

அச்சுகள் எல்லாம் அவளே றப்பர் செருப்பில் வெட்டியவை. பனை ஒரு செருப்பு, வள்ளம் ஒரு செருப்பு, கோயில் கோபுரம் ஒரு செருப்பு. எல்லாம் ஒருநாளும் மண் மிதிக்காத செருப்புகள். தேய்ந்ததில் வெட்டினால் அச்சு விழும்போது மாப்பிள்ளையின் மேல் கோடு கோடாகத் தெரியும். புதுச் செருப்பையா வெட்டுகிறீர்கள் என்று முதல்நாளே லவீனா வாயைப் பிளந்தாள். நிரோஜினி சிரித்துச் சமாளித்துவிட்டாள்.

கட்டிலுக்குக் கீழே குனிந்து பையை இழுத்தாள். முதுகு சுளீர் என்றது. ஊருக்கெல்லாம் கலியாணம், முறிவது என்னுடைய முதுகு என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

பையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். நீலவார்ச் செருப்பு. கடை ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை.

மேசையில் வைத்து, பென்சிலால் மாப்பிள்ளையைக் கீறினாள். பிளேடை எடுத்தாள்.

"உந்தச் செருப்பை மட்டும் வெட்டாதை, நிரோ."

திரும்பினாள். கிறகோரி வலையை மடியிலிருந்து இறக்கி வைத்திருந்தான்.

"ஆசுப்பத்திரியிலை திங்கக்கிழமை பொய்க்கால் பூட்ட வரச் சொல்லியிருக்கினம். சீனி இறங்கீட்டுதாம்."

நாலு வருடத்துக்கு முன்னர் கரைவலை இழுத்துக்கொண்டு நின்றபோது அவனுக்குக் குத்திய திருக்கை முள். சீனி கூடின சலரோகக்காரனுக்குப் புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே இடதுகாலை எடுத்துவிட்டார்கள். ஒற்றைச் செருப்பு விற்கிற கடை குருநகரிலும் இல்லை, யாழ்ப்பாணம் ரவுணிலும் இல்லை. சோடியாக வாங்கி, வலதை அவன் தேய்த்தான், இடதை அவள் வெட்டினாள்.

இரண்டு தடவை தேதி கொடுத்து, சீனி கூட என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மூன்று கிழமையாகத் திரும்பி வந்த பனங்கட்டி எல்லாம் போத்தலில் இருந்தது. கோபம் என்றல்லவா நினைத்தாள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, ஆனால் மணி ஒன்றாகப் போகிறது.

நீலவார்ச் செருப்பில் கீறியிருந்த பென்சில் கோட்டைச் சட்டை விளிம்பால் துடைத்தாள். கொண்டுபோய் அவன் மடியில் வைத்தாள்.

பிறகு தன் காலைப் பார்த்தாள்.

இடதுகால் செருப்பைக் கழற்றினாள். குழாயடியில் தேய்த்துக் கழுவினாள். ஈரம் போகத் துடைத்து, குதிக்கால் பக்கமாக மாப்பிள்ளையை வெட்டத் தொடங்கினாள். இந்த முறை கால் இரண்டையும் கொஞ்சம் தடிப்பாகவே விட்டாள்.

இரண்டு மணிக்கு லவீனாவின் ஓட்டோ வேலிப் படலையில் நின்றது. நிரோஜினி வெயில் சுட்ட மணலில் ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்துபோய்ப் பெட்டியைக் கொடுத்தாள். லவீனா அட்டைகளைப் புரட்டிப் பார்த்தாள். கடைசிப் பதினொரு மாப்பிள்ளைகளின் மேல் ஓடிய கோடுகள் அவள் கண்ணில் படவில்லை. வேறொன்றுதான் பட்டது.

"அக்கா, மற்றச் செருப்பு எங்கை?"

நிரோஜினி வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

கிறகோரி தன் இடதுகால் செருப்பைக் கவிழ்த்து மடியில் வைத்து, அடியில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரை நகத்தால் மெல்ல மெல்ல உரித்துக்கொண்டிருந்தான்.