ஏர்லி ரிலீஸ் காசு

"நாப்பதாயிரத்துக்கா வாங்கினீங்க? லச்சக்கணக்கில பெறும்னு லயத்து சனமே சொல்லுது!"

என் வீட்டுக்காரர் சாள்ஸ், பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள இருந்த அந்த நாணயத்தை அலுமாரியில பைபிளுக்குப் பின்னால வச்சு மூடினார்.

"யாருகிட்டயும் விலை கேட்டுத் திரியாத ஹில்டா."

அப்பவே எனக்குச் சந்தேகம் விழுந்திருச்சு.

அது எங்க லயத்தில பக்கத்து காம்பராவில குடியிருக்கிற செல்லையா அண்ணனோட காசு. றப்பர் ஃபெக்டரியில முப்பத்தெட்டு வருசம் உழைச்சு ஓய்ஞ்சப்ப, தோட்டத்துத் துரை வெளிநாட்டிலருந்து கொண்டு வந்து குடுத்தது. டப்பா மேல 'லிமிட்டட்'னு எழுத்து, 'ஏர்லி ரிலீஸ்'னு சிவப்பு லேபிள். கொஞ்சமாத்தான், அதுவும் முதமுதலா அடிச்ச காசுன்னு தோட்டமே பெருமைப்பட்டுச்சு.

இப்ப அவர் சம்சாரம் சின்னம்மா அக்காவுக்குக் கண் ஒபரேசன். துரை குடுத்ததைக் கடை கடையாக் கொண்டு போய் விலை பேச அண்ணனுக்குக் கூச்சம். "இது என்ன பெறுமோ அதைக் குடு சாள்ஸ், கூட ஒரு சதமும் வேணாம்"னு இவருகிட்ட நீட்டியிருக்கார்.

"நம்பி வந்த மனுசன் அவரு! ஒபரேசனுக்குன்னு லயத்தில சேர்த்துக் குடுத்த காசையே வேணாம்னு திருப்பி அனுப்பினவரு. அவரை ஏமாத்த எப்படிங்க மனசு வந்துச்சு?"

"ஏமாத்தினேனா?" சிரிச்சார். "சோத்தைப் போடு."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தான் ஓட்டுற திரீவீல் ஆட்டோவோட இன்ஜினைத் திருத்த வச்சிருந்த காசை அப்படியே எடுத்துக் குடுத்திருக்காரு. சும்மாவா எடுப்பாரு? இதை வித்து நல்லா லாபம் பார்க்கப் போறாரு! சின்னம்மா அக்கா முகத்தில நான் எப்படி முழிக்கிறது?

மறுநாள் அவர் திரீவீலை ஹயருக்கு ஓட்டிக்கிட்டுப் போனதும் டப்பாவை எடுத்து பேக்கில போட்டுக்கிட்டு கேகாலை டவுனுக்கு பஸ் ஏறினேன்.

பழைய நாணயம் வாங்கி விக்கிற சாலி முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உண்மை விலையைச் சொல்லுங்க முதலாளி. என் வீட்டுக்காரர் சாள்ஸ் இதை ஒரு வயசானவர்கிட்ட அடிமாட்டு விலைக்கு வாங்கிட்டார். மிச்சத்தை நான் அவங்களுக்குக் குடுத்தாகணும்."

சாள்ஸ்னு சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"மூவாயிரம்."

"என்னைப் பார்த்தா இளிச்சவாய் மாதிரியா இருக்கு? லிமிட்டட்னு போட்டிருக்கே!"

"அம்பதாயிரம் அடிச்சாலும் லிமிட்டட்தான் தங்கச்சி."

"அப்ப ஏர்லி ரிலீஸ்?"

"வெளியில வந்த முதல் மாசத்துக்குள்ள தரம் பார்த்து டப்பாவில அடைக்கிற கம்பெனிக்கு அனுப்பினதுன்னு அர்த்தம். முதல்ல அடிச்சதுன்னு இல்ல. லேபிள்தான் வேற, காசு எல்லாம் ஒண்ணுதான்."

இவரும் என் வீட்டுக்காரரும் கூட்டுச் சேர்ந்திருக்காங்களோன்னு முறைச்சேன்.

முதலாளி கண்ணாடியைக் கழட்டினார்.

"போன கிழமை, வாங்குறதுக்கு முந்தி, சாள்ஸ் இதை போன்ல படம் காட்டினப்பவும் இதைத்தான் சொன்னேன். அவர் திருப்பிக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான் தங்கச்சி: 'நாப்பதாயிரம் குடுத்தா அதுதான் விலைன்னு நம்புவாரா முதலாளி, இல்ல, பாவம் பார்த்துக் குடுக்கிறேன்னு கண்டுபிடிச்சிருவாரா?'"