எழுபத்தாறாவது கேள்வி

நர்ஸ் உரிமத் தேர்வில் அவள் இரண்டு முறை தோற்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் படிக்கத் தொடங்கிய தங்கை முதல் தடவையிலேயே பாஸாகி நர்ஸாகிவிட்டாள். அதே மருத்துவமனையில் இவள் இன்னும் படுக்கை விரிக்கும் உதவியாளர். மதிய இடைவேளையில் செல்போனில் மாதிரித் தேர்வு எழுதுவாள். மொத்தம் எழுபத்தைந்து கேள்விகள்.

திங்கட்கிழமை எழுபத்தாறாவதாக ஒன்று வந்தது. அறுபத்திரண்டு வயதுக்காரர், மூச்சுத் திணறல், நிமிடத்துக்கு இருபத்தாறு மூச்சு. முதலில் என்ன செய்வீர்கள்? நான்கு விடைகளில் ‘டாக்டரை அழைப்பேன்’ என்பதைத் தொட்டாள். தவறு. சரியான விடையை அது காட்டவில்லை.

செவ்வாயன்று அதே ஆள், முப்பது மூச்சு. நாடி பார்ப்பதாகச் சொன்னாள். தவறு. புதனன்று முப்பத்து நான்கு, உதடு நீலம். ரத்த அழுத்தம் என்றாள். அதுவும் தவறு.

தங்கை அதே தேர்வைத் தன் செல்போனில் போட்டுப் பார்த்தாள். “எனக்கு எழுபத்தஞ்சோட முடிஞ்சிடுதே அக்கா. நீ தூங்கி வழிஞ்சுக்கிட்டே படிக்கிற.”

செல்போனைச் சுவரில் விட்டெறியலாம் போல எரிச்சல் வந்தது அவளுக்கு.

வியாழனன்று நாற்பது மூச்சு. மிச்சமிருந்த ஒரே விடையைத் தொட்டாள்: நிமிர்த்தி உட்கார வைப்பேன். சரி என்று வந்தது. இவ்வளவுதானா என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, காலிக் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் வாசலில் வந்து நின்றார். அவர் உதட்டில் நீலம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

“ஏம்மா, ஒரு ஆளை நிமித்தி உட்கார வைக்க உனக்கு நாலு நாளா?”

அவள் வாய் திறப்பதற்குள் அவர் குரல் தாழ்ந்தது.

“இன்னைக்கு மதியம் எழுபத்தாறாவதா என் சம்சாரம் வருவா. அவ நாலு நாள் தாங்க மாட்டாம்மா.”