நுனி சாயாத அம்பு

கொட்டகையில் செருகியிருந்த அம்புகளை ஒவ்வொன்றாக உருவி, தன் விரல்மேல் கிடத்திப் பார்த்தான் பொம்மையன். காட்டெருமைக்கு என்றால் அம்பு முனைப்பக்கம் சாய வேண்டும். முனையில் கனமில்லாதது விலாவெலும்பில் முட்டி நின்றுவிடும். காயம்பட்ட எருமை எய்தவன்மேல் திரும்பும். மலையில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். அவன் தங்கையின் கணவன் சடையப்பன் கீழே ஏரிக்கரைக்காரன். கொக்கு அடித்தே பழகியவன்.

கடைசியில் ஓர் அம்பு எந்தப் பக்கமும் சாயாமல் விரலில் நின்றது.

"எருமைக்கு இத எடுத்துக்கங்க மாப்ள."

"தராசாட்டம் சமமா நிக்குதே மச்சான்! எங்கூர்ல தேடுனாலும் இப்படி ஒண்ணு கெடைக்காது."

அடுப்படியிலிருந்து தங்கை நஞ்சி வந்தாள். "எங்க, குடுங்க பாப்போம்" என்று கணவனிடமிருந்து அம்பை வாங்கினாள். பொம்மையன் தரையைப் பார்த்தான்.

சடையப்பன் கொள்ளிக்கட்டையால் சுட்ட தழும்புகள் அவள் கையில் முழங்கைவரை இருந்தன. நீட்டிய சுட்டுவிரலில் அம்பு அப்படியே நின்றது. அவள் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல அம்புதாங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். "கிட்டப் போயி அடிங்க."