முப்பத்தைந்தில் வைத்த ஸ்பானர்

"முப்பத்தஞ்சுல வச்சுட்டேன் மாமா. அசையாம இருங்க" என்றாள் மருமகள்.

அவள் பல் டாக்டர். அவளுடைய நாற்காலியில் மாமனார் மல்லாந்து கிடந்தார், பற்களுக்கு நடுவே ரப்பர் கட்டையோடு. தாடை எலும்பில் பதித்த புதுப் பல்லுக்கு இன்று கடைசி ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியை முதலிலேயே கழற்றி மூலையில் இருந்த மாமியாரிடம் கொடுத்திருந்தாள். மாமியார் அதைக் கைப்பையில் போட்டு மூடிக்கொண்டாள்.

"எவ்வளவு முறுக்கணும்னு எண்ணுல வச்சுக்கற புது ஸ்பானர் மாமா, வெளிநாட்டுச் சரக்கு. இஞ்ச்-பவுண்டோ என்னமோ போட்டிருக்கு. ஸ்க்ரூ டப்பாவுல முப்பத்தஞ்சுன்னு இருந்துச்சு, இதையும் அதுலயே வச்சுட்டேன். எல்லாம் ஒண்ணுதானே?"

கண்ணாடியைக் கழற்றும் முன்பே டப்பாவை மாமனாரும் படித்திருந்தார். அது முப்பத்தைந்து நியூட்டன் சென்டிமீட்டர். இஞ்ச்-பவுண்டுக்கு மாற்றினால் மூன்றுதான் வரும். முப்பத்தைந்து இஞ்ச்-பவுண்டு என்றால் பதினோரு மடங்கு முறுக்கு. பல்லோடு தாடையும் கையோடு வந்துவிடும்.

சும்மா சொல்லக் கூடாது, இந்தக் கணக்கில் அவர் புலி. என்ஜின் தொழிற்சாலையில் போல்ட் இறுக்கும் பிரிவைக் கட்டி மேய்த்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டு முன்னறையைத் தன் ஸ்பானர்களுக்கு எழுதி வைக்காத குறையாகக் கொடுத்துவிட்டார். அவையும் எண்ணெய் பூசிக்கொண்டு சுவரில் ஓய்வெடுத்தன. ஒரு நட்டைத் தொட்டதில்லை.

எத்தனை காலம் அடுத்தவர் இடத்தில் உழைப்பது, அந்த அறையில் சொந்தமாக க்ளினிக் போடலாமே என்று மருமகள் வாயைத் திறந்தால் போதும், சாப்பாட்டு மேஜையில் பாடம் ஆரம்பமாகிவிடும். "முதல்ல ஃபுட்-பவுண்டை நியூட்டன் மீட்டரா மாத்தத் தெரியுமா உனக்கு? பல்லு புடுங்கறவளுக்கு ரூம் எதுக்கு?" அவள் பாதி வாக்கியத்தோடு எழுந்து தட்டைக் கழுவப் போய்விடுவாள். அந்த மீதி வாக்கியத்தை யாரும் கேட்டதில்லை.

இப்போது வாத்தியார் வாயில் கட்டை. "ஆங்... ஊங்... ஔ!" என்று அலறி, மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு நிமிஷமா? அவ்வளவுகூட ஆகாது மாமா."

அவர் காலை உதறினார்.

"ஓ, யூனிட்டை மாத்தணுமா?"

கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்குத் தலையை ஆட்டினார்.

"மாத்தி மூணுல வைக்கணுமா?"

ஆட்டினார்.

"அப்படியே அந்த முன் ரூமை எனக்கு க்ளினிக்குக்கு விட்டுடறீங்களா?"

ஆட்டினார். நிறுத்தினால் மறுபடி முப்பத்தைந்துக்கே போய்விடுவாளோ என்று பயம். மாடியைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்.

"அத்தை, பார்த்தீங்களா?"

"கண் குளிரப் பார்த்தேன்" என்றாள் மாமியார்.

'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். வேலை முடிந்தது. கட்டை வெளியே வந்ததுதான் தாமதம், அடைபட்டுக் கிடந்த பாடமெல்லாம் கொட்டியது.

"நான் மட்டும் மூணு விரலைக் காட்டலேன்னா என் தாடை என்ன ஆகியிருக்கும்? யூனிட் மாத்தத் தெரியாதவளுக்கு க்ளினிக் ஒரு கேடா? முப்பத்தஞ்சுல வச்சு உயிர்பயத்தைக் காட்டி வாங்கின சம்மதம் செல்லாது. ரூமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!"

மருமகள் ஸ்பானரைத் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அது சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மாமியார் கைப்பையைத் திறந்து, கண்ணாடியை எடுத்து, அவர் மூக்கில் பொறுமையாக மாட்டிவிட்டாள்.

"நல்லாப் பாருங்க மாமா. இதுல நாலுக்கு மேல எண்ணே கிடையாது."